இரண்டு காதுக்கும்

பங்கு அறுநூற்றைத் தொட்ட அன்றே விற்றிருக்க வேண்டும். என் மனைவி சொன்னாள். நான்தான் பெரிய மேதாவி மாதிரி அவளுக்கே பாடம் எடுத்தேன்.

சிப் தயாரிக்கும் கம்பெனியில் பதினான்கு வருடமாகப் பரிசோதகன் நான். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் எந்தக் கீறலும் என்னிடமிருந்து தப்பாது. எங்களுக்கெல்லாம் கம்பெனி பங்குகளை நாற்பது ரூபாய் விலையில் கொடுத்திருந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை. வேலை போனால், விற்காத பங்கை அதே நாற்பதுக்குத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். என் வேலை எங்கே போகப்போகிறது என்று கையெழுத்துப் போட்டேன்.

மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. உள்ளே கருவி பொருத்தலாம், ஐந்து வயதுக்குள் செய்தால்தான் பேச்சு நன்றாக வரும் என்றார் டாக்டர். அடுத்த மாதம் அவளுக்கு ஐந்து முடிகிறது. பங்கு அறுநூற்றுக்குப் போனால், கடனை அடைத்தது போக ஒரு காதுக்கு ஆகும். எண்ணூறு என்றால் இரண்டுக்கும்.

"ஒரு காது போதுங்க. வித்துடுங்க."

"சும்மா இரு. இன்னும் ஏறும். உள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியும்."

தெரியத்தான் செய்தது. கீறலைத் தானே கண்டுபிடிக்கும் இயந்திரம் ஒன்று வந்திருந்தது. தனி ஏசி அறை, துடைத்துவிட ஓர் ஆள், முகம் கோணாமல் பார்த்துக்கொள்ள இரண்டு இன்ஜினியர்கள். நாங்கள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தோம். எது கீறல், எது தூசி என்று எட்டு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து அதற்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். முதலில் சரியான மக்கு. பிறகு ஒருநாள் நான் விட்ட கீறலையே பிடித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இது வெளியே தெரிந்தால் பங்கு எகிறும் என்று குதித்தேன்.

எகிறியது. அறுநூற்றைம்பது, எழுநூற்றுப் பத்து. தினமும் வீட்டுக்கு வந்ததும் மகளின் முதுகுக்குப் பின்னால் நின்று "குட்டி!" என்று கூப்பிடுவேன். திரும்ப மாட்டாள். கொஞ்சம் பொறு, இரண்டு காதும் வாங்கித் தருகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

இன்று காலை எழுநூற்று எண்பத்தைந்து. பதினோரு மணிக்கு டீ குடிக்கும்போது விற்கப் போனேன். இன்னும் பதினைந்துதானே என்று போனை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மதியம் மேலாளர் கூப்பிட்டார்.

"மனசைத் தேத்திக்குங்க. பரிசோதனைப் பிரிவையே மூடிட்டாங்க. நீங்க சொல்லிக்கொடுத்தது அவ்வளவு நல்லா வந்திருக்கு."

"சார், அஞ்சு நிமிஷம் குடுங்க. பங்கை வித்துட்டு வந்து கையெழுத்து போடறேன்."

"பன்னெண்டு மணிக்கே உங்க பங்குக் கணக்கை முடக்கிட்டாங்களே. பங்குக்கு நாப்பது ரூபா கண்டிப்பா வந்துடும்."

அவர் நல்ல மனுஷர். தண்ணீர்கூடக் கொடுத்தார். எனக்கு அவர் கழுத்தை நெரிக்க வேண்டும்போல இருந்தது. அதைவிட என் கழுத்தை.

வீட்டில் மனைவி போனும் கையுமாக வாசலுக்கே வந்தாள்.

"ஏங்க, எண்ணூத்தி முப்பது! கம்பெனியில யாரோ ஆளுங்களைக் குறைக்கறாங்களாம், அதான் ஏறுதாம். ரெண்டு காதுக்கும் ஆச்சு! நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் அவசரப்பட்டேன்."

சொல்லிவிட்டு, சுவரில் இருந்த சாமி படத்துக்கு விளக்கேற்றப் போனாள். மகள் முதுகைக் காட்டியபடி கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

"எல்லாம் போச்சு, குட்டி" என்றேன் மெதுவாக.

அவள் திரும்பவில்லை. என் மனைவி திரும்பினாள்.