அக்கரைக்குப் போக ஒரு முத்திரை

பரானா ஆற்றின் இக்கரை அர்ஜென்டினாவின் பொசாதாஸ், அக்கரை பராகுவே. அங்கே ஆட்சி கவிழும்போதெல்லாம் தோற்றவர்கள் படகேறி இங்கே வருவார்கள், காற்று மாறினால் திரும்புவார்கள். அப்படி வந்த அச்சுக்காரன் காந்திதோ திரும்பவில்லை. ஜனவரி வெயிலில் காய்ச்சல் கண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இறந்துபோனான்.

பொசாதாஸில் பராகுவே அரசின் தூதரக அதிகாரியான கான்சல் லிசாந்த்ரோ ரெகால்தே, குறியீட்டுக் கவிஞர். அவருடைய முதல் தொகுப்பை அச்சிட்டவன் காந்திதோதான். "பாத்தே இராத அன்னத்தையெல்லாம் பாடுறியே, நம்ம ஆத்து வாத்து என்னடா பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டுக்கொண்டே எழுத்துக் கோத்தவன்.

மதியம் அவன் மனைவி பிரிமிதிவா அலுவலகத்துக்கு வந்தாள். அவள் மகனுக்கு லிசாந்த்ரோதான் ஞானத்தகப்பன்; அந்த உறவில் அவள் அவரைக் கொம்பாத்ரே என்பாள், அவர் அவளைக் கொமாத்ரே என்பார்.

"கொம்பாத்ரே, அவரை அக்கரையில அவங்கம்மா பக்கத்துல புதைக்கணும். படகு நிக்குது. உங்க முத்திரை மட்டுந்தான் பாக்கி."

நாடு நீங்கிய எதிரிகள் உயிரோடோ பிணமாகவோ அனுமதியின்றித் திரும்பக்கூடாது என்பது புதிய அரசின் உத்தரவு.

"தலைநகருக்குத் தந்தி அடிச்சுக் கேக்கணும், கொமாத்ரே."

"பொணம் போய்ப் புரட்சி பண்ணுமா?"

அவர் தந்தித் தாளை எடுத்தார். பாரிஸ் தூதரகப் பதவிக்கு அவர் பெயர் அமைச்சரின் பரிசீலனையில் இருந்தது. வாலிபம் முதல் அவர் கவிதைகளில் மூடுபனியாய்ப் படிந்திருந்த நகரம், கண்டதில்லை. முத்திரை வைத்தால் இனிக் காணவும் முடியாது.

"அடக்கத்துல நானே பேசுறேன். அவனுக்கு ஒரு இரங்கற்பா..."

"பாட்டு யாரு கேட்டா? இந்த வெயில்ல ஐஸ் கரைஞ்சு ஓடுது கொம்பாத்ரே."

தந்திக்குப் பதில் வரவில்லை. மறுநாள் காலை இரங்கற்பாவைத் திருத்திக்கொண்டிருந்தார். ஆற்றுக்கு ஒரு படிமம் தேடினார். கிடைத்தவை எல்லாம் அழகாக இருந்தன. பேனாவை வைத்துவிட்டு அனுமதித் தாளை இழுத்து, முத்திரையை ஓங்கிக் குத்தினார். தொப்பிகூட இல்லாமல் நடந்தார்.

பிரிமிதிவாவின் வீட்டில் தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். பெண்கள் வட்டமாக அமர்ந்திருந்தார்கள்.

"விடியக்காலையே இங்க மேட்டுல புதைச்சாச்சு," என்றாள் அவள். "நாத்தம் தாங்கல."

தாளை நீட்டினார். அவள் முத்திரையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"வெச்சுக்கோங்க. உங்களுக்கும் வம்பு வேண்டாம்."

தாளைக் கிழித்துவிட்டால் போதும், பாரிஸுக்குத் தடையில்லை. அந்த நினைப்பு வந்ததற்காக அவர் தலைகுனிந்தார்.

ஒருத்தி நாற்காலி போட்டாள். மாத்தே பானத்தின் சுரைக்குடுக்கை கைமாறிக் கைமாறி வந்தது. எல்லோரும் ஒரே குழலில் உறிஞ்சினார்கள். அவர் முறை வந்ததும் கையை நீட்டினார். பிரிமிதிவா குடுக்கையில் வெந்நீர் ஊற்றி, அவரைத் தாண்டி அடுத்தவளிடம் கொடுத்தாள்.