கூடைக்காரனுக்கு ஒரு விலை

கடைக்காரர் சுருளி உள்ளங்கை அளவிலான அந்தப் பேட்டரி விளையாட்டுப் பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். தேங்காய் வாங்குகிறவர்கள்தான் அப்படிக் குலுக்குவார்கள். இந்த மனிதருக்கு எப்படித்தான் மனசு வருகிறதோ என்று அன்னக்கொடி முந்தானை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக நின்றாள். மதுரை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில், வெளிநாட்டுச் சாமான்களை வாங்கி விற்கிற கடை அது. அவள் புருஷன் முத்திருளன் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துவிட்டுப் போன மாதம்தான் ஊர் திரும்பியிருந்தான். கொண்டுவந்த டேப் ரிக்கார்டரும் சேலைகளும் வந்த வேகத்தில் மேலூரிலேயே விலைபோய்விட்டன. கிணற்றுக்கு மோட்டார் வாங்க இன்னும் கொஞ்சம் பணம் குறைந்தது. இந்தப் பெட்டி ஒன்றுதான் மிச்சம். போன வருஷமே ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பி, நான் வந்து விற்றுக்கொள்கிறேன், பிரிக்காமல் வை என்று சொல்லிவிட்டிருந்தான்.

பிரிக்காமல் வைக்கிற ஆளா அவள்! அந்த வாரமே பிரித்துவிட்டாள். கண்ணாடித் திரைக்குள் ஒரு மரம், மரத்தின் மேல் ஒரு குரங்கு, கீழே கூடையோடு ஒரு குட்டி ஆள். குரங்கு போடுகிற பழத்தை அவன் ஓடி ஓடிப் பிடிக்க வேண்டும். மூன்று பழம் தரையில் விழுந்துவிட்டால் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவான். ஓட வைக்க இடது பக்கம் ஒரு பட்டன், வலது பக்கம் ஒரு பட்டன். அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் மாமியார் ஏசிய மத்தியானங்களிலும் கடிதம் வராத வாரங்களிலும் அவளுக்கு அந்தக் கூடைக்காரன்தான் துணை. பேட்டரி தீர்ந்தால் வாட்ச் ரிப்பேர்க் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வாள். இது விலைபோகக் கூடாது என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தவளுக்கு, அதைப் புருஷனிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. கல்யாணமானவள் பொம்மைக்கு அழுகிறாள் என்று சிரிப்பான்.

"இது வந்த அட்ட டப்பா எங்க மாப்ள?" என்றார் சுருளி.

முத்திருளன் மனைவியைப் பார்த்தான். "அதுல கொண்டை ஊசி போட்டு வச்சிருக்கேன்" என்றாள் அவள்.

சுருளி பட்டன்களை அமுக்கிப் பார்த்தார். கூடைக்காரன் இடது பக்கம் ஓடினான். வலது பக்கம் வர மறுத்தான். பட்டன் இடுக்கில் நகத்தைவிட்டுச் சுரண்டியதும் மஞ்சளாகத் தூள் உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தார்.

"சந்தனம்லயா இது!"

"ஆயுத பூசைக்கு அருவா, மம்பட்டி, தையல் மிஷின் எல்லாத்துக்கும் வச்சேண்ணே. இதும் மிஷின்தானேன்னு..."

"மிஷினுக்கு வைக்கலாம் தங்கச்சி. பட்டன் மேலயா வைப்பாக?" அவர் பெட்டியை மேஜையில் தள்ளி வைத்தார். "ஓடுறத கண்ணால பாத்தாத்தான் இத எவனும் வாங்குவான் மாப்ள. டப்பாவும் இல்ல, பட்டனும் செத்துப்போச்சு. அம்பது ரூவா வேணா தாரேன்."

"அம்பதா? அதுக்கு வீட்லயே கெடக்கட்டும்ணே."

அன்னக்கொடிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இனி அவள் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டு வீடுபோய்ச் சேர்வதுதான்.

முத்திருளனுக்கோ மனசு ஆறவில்லை. "எங்க குடுங்க, எப்பிடி ஓடாதுன்னு பாப்போம்" என்று வாங்கி, சிமெண்டு சுமந்து காய்த்த கட்டைவிரலால் அழுத்தினான். ஒரு பழம் விழுந்தது. மறுபடி அழுத்தினான். இன்னொன்று விழுந்தது. கூடைக்காரன் இடது மூலையில் திக்குத் தெரியாமல் நின்றான். அவன் நிற்பதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கையும் காலும் பரபரத்தன. மூன்றாவது பழம் வலது பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. பொறுக்க முடியாமல் பெட்டியைப் பிடுங்கினாள்.

"நடுவுல அமுக்காதீக! ஓரத்துல, நகத்தால அமுக்கணும்."

கூடைக்காரன் ஒரே ஓட்டமாக ஓடிப் பழத்தைப் பிடித்தான்.

அதன்பிறகு அவன் நிற்கவே இல்லை. பெட்டி டிக் டிக்கென்றது. டீ கொண்டுவந்தவர் கிளாஸை வைக்க மறந்து எட்டிப் பார்த்தார். சுருளி மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு எழுந்து நின்றார்.

"ஏயப்பா, எம்புட்டு வேகம்! பட்டன் நல்லாத்தான இருக்கு மாப்ள! எரநூறு வச்சுக்க."

"பாத்துப் போடுங்கண்ணே" என்ற முத்திருளனின் குரலில் பெருமை ஏறியிருந்தது.

"சரி, எரநூத்தம்பது. முடிஞ்ச வெல."

அப்போதுதான் அவளுக்குத் தான் செய்த காரியம் உறைத்தது. ஆனால் கண்ணை எடுக்க முடியாது. ஏற்கெனவே இரண்டு பழம் போய்விட்டது; இன்னொன்று விழுந்தால் ஆட்டம் முடிந்துவிடும்.

"போதும் குடு. அண்ணன் ரூவாய நீட்டுறாருல்ல" என்றான் முத்திருளன்.

"இந்தா, இது முடியட்டும்."

குரங்கு இப்போது பழங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வீசிக்கொண்டிருந்தது. சுருளியின் கையில் நோட்டுகள் அப்படியே இருந்தன. அன்னக்கொடி நிமிரவில்லை. அவள் நகத்தடியில் கூடைக்காரன் வலது கோடிக்கும் இடது கோடிக்குமாக ஓடினான், ஒரு பழத்தையும் தரையில் விடாமல்.