நூற்று மூன்று சென்டிமீட்டர்

ராத்திரி தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருக்கிறேன். மணி பன்னிரண்டே கால். கையில் போன். அதில் நகராட்சியின் செய்தி: ‘மர அலுவலர் நாளை காலை பத்து மணிக்குப் பார்வையிடுவார்.’ மரம் வெட்டுகிறவரோ ஏழு மணிக்கே வருகிறார். அலுவலர் வருவது இந்த வீட்டில் என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

கொல்லை மரத்தின் மேல் எனக்குப் பெரிய பாசமெல்லாம் கிடையாது. காயப்போட்ட துணியில் கம்பளிப்பூச்சியை உதிர்ப்பதுதான் அதன் முழுநேர வேலை. அது போனால் அந்த இடத்தில் எனக்கு ஓர் அறை. எனக்கே எனக்கு! பதினாறு வருடமாக அம்மாவின் தையல் மெஷினுக்கும் அண்ணனின் குறட்டைக்கும் நடுவில் படுத்தவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஆனால் சொந்த இடத்து மரமானாலும் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. நெஞ்சு உயரத்தில் சுற்றளவு நூறு சென்டிமீட்டருக்குள் இருந்தால் தகவல் கொடுத்துவிட்டு வெட்டிவிடலாம். நூறைத் தாண்டினால் அலுவலர் வந்து பார்த்து, மரத்தில் நோட்டீஸ் ஒட்டி, பதினான்கு நாள் அக்கம்பக்கத்தாரின் ஆட்சேபத்துக்குக் காத்திருக்க வேண்டும். கடைசியில் முடியாது என்றும் கைவிரித்துவிடலாம்.

அப்பா டைல்ஸ் ஒட்டுகிறவர். நூலளவு பிசகினாலும் மொத்தத்தையும் பெயர்த்துப் போட்டு மறுபடி ஒட்டுவார். அப்பேர்ப்பட்டவர், இரும்பு டேப்பை வேலை நடக்கும் வீட்டில் மறந்துவிட்டு வந்த அவசரத்தில், அம்மாவின் தையல் டேப்பை எடுத்து மரத்தைச் சுற்றினார்.

“தொண்ணூத்தெட்டு! நம்ம மரம் நமக்கு எதிரா போகுமா? நகராட்சிக்குப் போன்ல நீயே போட்டுடு கண்ணு.”

அது பத்து வருடம் இழுபட்டு நீண்டுபோன டேப். எதை அளந்தாலும் குறைத்துத்தான் காட்டும். அம்மா யாருக்கு அளவெடுத்தாலும் மனசுக்குள் கொஞ்சம் கூட்டிக்கொள்வாள். பழகிப்போனதால் வெளியே சொல்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைக்கிற எனக்குத் தெரியும்.

நேற்று இரும்பு டேப் வீட்டுக்கு வந்ததும் திருட்டுத்தனமாக அளந்தேன். நூற்று மூன்று. இன்னும் இரண்டு தரம் அளந்தேன். அதே நூற்று மூன்று. அளவு தவறென்று பின்னால் தெரிந்தால் அங்கே கட்டியதை இடிக்கச் சொல்லலாம் என்று விண்ணப்பத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. என் கிழக்கு ஜன்னலோடு சுவர் சரிவது கண்ணுக்குள் ஓடியது. அப்பா பெயரிலேயே நூற்று மூன்று என்று போட்டு அனுப்பிவிட்டேன்.

இன்று சாயங்காலம் சொல்லிவிடத்தான் இருந்தேன். அப்பா விசிலடித்துக்கொண்டே ஒரு பை சுண்ணாம்புப் பொடியோடு வந்தார். மரத்தை நடுவில் விட்டு, தரையில் அறையை வரைந்தார்.

“ஜன்னல் எந்தப் பக்கம் வேணும்?”

“கிழக்கு!” சந்தோஷத்தில் குரல் கீச்சென்று போய்விட்டது.

“மகாராணிக்கு சூரியன் வந்து கும்பிடு போடணுமாம்,” என்றான் அண்ணன்.

“உனக்கு ஏன்டா வயிறு எரியுது?” என்றாள் அம்மா.

அத்தனை பேரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது எந்த வாயால் சொல்வது?

ஏழு மணிக்கு ரம்பம் ஓடிவிட்டால்? பத்து மணிக்கு அலுவலர் வந்து வெறும் அடிக்கட்டையைப் பார்த்தால்? நூற்று மூன்று என்று தானே எழுதிக்கொடுத்துவிட்டுத் துணிந்து வெட்டினவர் என்று அப்பா தலையில் அல்லவா விடியும்!

எழுந்தேன். அப்பாவின் பாய் காலியாக இருந்தது. பின்கதவு திறந்திருந்தது.

வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே ஒரு பெஞ்சைப் போட்டு, மரத்தில் முதுகு சாய்த்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் மாட்டிக்கொண்டவர் மாதிரி சிரித்தார்.

“உனக்கும் தூக்கம் வரலையா? மேஜை இங்க போட்டா காத்து வருமான்னு பாத்துட்டு இருக்கேன்.”

“அப்பா… ஒண்ணு சொல்லணும்.” கோட்டைத் தாண்டிக் காலை வைத்தேன்.

“ஏய் ஏய், சுவத்துக்குள்ள பூந்து வர்றியே! வாசல் அந்தப் பக்கம் விட்டிருக்கேன் பாரு.”

சுற்றிப் போனேன். இரண்டு கோடுகளும் சேராமல் விட்ட இடைவெளியில் நின்றேன். போன் வெளிச்சத்தில் என் கால்விரல்களெல்லாம் சுண்ணாம்பு. அப்பா பெஞ்சில் ஓரமாக நகர்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டித் துடைத்தார்.

“உள்ள வந்து சொல்லு.”