மூத்தவள் காகிதம்

"பதினாறு வயசுப் பொண்ணை எப்படிப் பதிவுக் கல்யாணம் பண்ணுவே?" என்று கேட்டாள் அத்தை.

"மூத்தவ சர்டிபிகேட் இருக்கே அண்ணி. அதுல பதினெட்டு முடிஞ்சாச்சு," என்றாள் அம்மா.

கதவோரம் நின்றவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்கு ஒரே பிள்ளை அவள்.

"எந்த மூத்தவ?"

அம்மா சாவகாசமாகத் திரும்பினாள். "உனக்கு முன்னால ஒருத்தி. நீ பொறந்த மாசமே காய்ச்சல்ல போயிட்டா. நீயும் பொண்ணுன்னதும் உங்கப்பா உன்னைப் பதியவே போகல. அவ காகிதம் சும்மாதானே கிடந்துச்சு? அந்தப் பேரையே உனக்கும் வச்சோம்."

அப்பா தையற்காரர். பெரியவர்கள் சட்டையைச் சின்னவர்களுக்குப் பிடித்துத் தைத்துக் கொடுப்பதில் கெட்டிக்காரர். பெற்ற மகள் விஷயத்திலும் கைவரிசையைக் காட்டிவிட்டார்.

சர்டிபிகேட் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் காலில் ஜோடி மாறிய செருப்பு தெரிந்தது. வகுப்பிலேயே அவள்தான் 'குள்ளி'. மற்றவர்களைவிட இரண்டு வயது சின்னவள் என்று இப்போதுதான் புரிந்தது. வருஷா வருஷம் பிறந்த நாளுக்கு மிட்டாய் கொடுத்தாளே, அது செத்துப்போன குழந்தையின் நாள். திருடிப் பிடிபட்டவளைப் போல மூலை சீட்டில் கூனிக் குறுகினாள். வெட்கப்பட வேண்டியவர்களோ வீட்டில் கல்யாணத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் இருந்தாள்.

"ஒரு சாவு பதியணுங்க. எங்க அக்கா. பதினாறு வருஷமாச்சு."

"இவ்வளவு நாள் தூங்கிட்டு இருந்தீங்களா? பெரியவங்க யாரும் வரலையா?"

"எனக்கே பதினெட்டு முடிஞ்சிருச்சுங்க. இதுல பாருங்க."

அம்மாள் காகிதங்களைப் புரட்டினாள். "இது உன்னோடதுதானே?"

"அக்காவோடது. எனக்குன்னு எதுவும் எழுதல."

அம்மாள் கண்ணாடியைக் கழற்றி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அதட்டல் போன இடம் தெரியவில்லை. "மார்க்கெல்லாம் நல்லா வாங்கியிருக்கியேம்மா. இவ செத்துட்டான்னு பதிஞ்சா இத்தனை வருஷப் படிப்பும் போயிடுமே, தெரியுமா?"

"தெரியுங்க." தலை தானாகக் குனிந்தது. "கல்யாணமும் நின்னுடும்ல?"

அம்மாள் ஒரு படிவத்தை அவள் பக்கம் தள்ளினாள்.

இறந்தவர் பெயர் என்ற இடத்தில், இத்தனை வருஷம் பரீட்சைத் தாளில் எழுதிய பெயரை அதே அழகான கையெழுத்தில் எழுதினாள். தகவல் கொடுப்பவர் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றது. அதை அப்படியே விட்டுவிட்டாள்.

அடுத்த கட்டத்தில் உறவுமுறை கேட்டிருந்தது. 'தங்கை' என்று எழுதினாள்.