எல்லாமே மறுபரிசீலனை

வாகன உரிம அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், பன்னிரண்டு வருடங்களாக அவள் கடிதங்களை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரிகள் ஆங்கிலத்தில் எழுதுவார்கள். தங்களுக்குத் தமிழ்தான் தெரியும் என்று விண்ணப்பத்தில் குறித்தவர்களுக்குப் போக வேண்டிய கடிதங்கள் அவள் மேஜைக்கு வரும். நாளொன்றுக்கு முப்பதுக்குக் குறையாது.

ஆரம்பத்தில் ஒவ்வொரு சொல்லோடும் மல்லுக்கட்டியவள்தான். ஆனால் அந்த அதிகாரிகளுக்கு ஒரே சொல்லை இரண்டு முறை எழுதினால் கௌரவம் குறைந்துவிடும் போல. இன்றைக்கு ரிவியூ என்பார்கள், நாளைக்கு ரீகன்சிடர், அடுத்த வாரம் ரீஅசெஸ், அதுவும் அலுத்துப்போனால் ரீஎவால்யுவேட். எத்தனை நாளைக்குத் தலையைப் பிய்த்துக்கொள்வது? எல்லாவற்றுக்கும் 'மறுபரிசீலனை' என்று போட்டுவிட்டு அடுத்த கடிதத்தை எடுக்கப் பழகிவிட்டாள்.

இரண்டு வருடங்களுக்கு முன் புது விதிகள் வந்தன. ரிவியூ என்றால் காகிதங்களை மட்டும் பார்ப்பது. ரீகன்சிடர் என்றால் வேறொரு அதிகாரி முடிவெடுப்பது. ரீஅசெஸ் என்றால் ஆளே டாக்டர் முன் வந்து நிற்க வேண்டும். அந்தச் சுற்றறிக்கை அவளுக்கும் வந்தது. படித்தாள், கையெழுத்துப் போட்டாள், கட்டுக்கு அடியில் வைத்தாள். கை மட்டும் பழைய சொல்லையே எழுதிக்கொண்டிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பிளாஸ்டிக் உறையொன்றைக் கையில் பிடித்தபடி ஒருவர் படியேறி வந்தார். இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர். டிப்போ வாசலில் ஒருமுறை மயங்கி விழுந்ததால் உரிமத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"இதெல்லாம் தமிழ்ல எழுதினது நீங்களாம்மா?"

"ஆமாண்ணே. உக்காருங்க."

"சண்டை போட வரல. எனக்குப் புரியல, அவ்வளவுதான்." நான்கு கடிதங்களை மேஜையில் வரிசையாக வைத்தார். "மறுபரிசீலனைன்னு முதல் கடுதாசி வந்தப்ப ஓடி வந்தேன். 'பேப்பரைத்தான் பாப்பாங்க, நீங்க எதுக்கு வந்தீங்க'ன்னு கவுண்டர்ல திருப்பி அனுப்பிட்டாங்க. ரெண்டாவதுக்கும் மறுபரிசீலனை. பேசாம வீட்ல இருந்தேன். மூணாவதுல தேதி போட்டு, அன்னைக்கு மறுபரிசீலனைன்னு இருந்துச்சு. காலைலேர்ந்து ஃபோன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். நாலாவதுல, நான் வரலைன்னு ரத்து பண்ணிட்டோம்னு எழுதியிருக்காங்க. எங்க வரலையாம்?"

அவள் கோப்பை வரவழைத்து மூன்றாவது கடிதத்தின் மூலத்தைப் பார்த்தாள். ரீஅசெஸ்மென்ட்.

"தப்பு என்னோடதுண்ணே. டாக்டர் உங்களை நேர்ல பாக்கணும்னு எழுதியிருக்கணும். நான் எழுதல."

அவர் மூன்றாவது கடிதத்தைக் கையில் எடுத்தார்.

"அப்ப அன்னைக்கு நான் வந்திருந்தா..."

"பாத்திருப்பாங்க."

"நாலு மாசம்மா," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் குரலில் கோபத்துக்கான தெம்பே இல்லை.

நடந்த தப்பைக் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு மதியம் கண்காணிப்பாளரிடம் போனாள். ஓய்வுபெற எட்டு மாதம் இருந்த அவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்களைத் தேய்த்துக்கொண்டார்.

"எழுத்துல கொடுத்தா உன் ரெக்கார்டுல ஏறும்மா. நல்லா யோசிச்சுக்கோ."

"யோசிச்சிட்டேன் சார்."

"இன்னொரு தடவை யோசி."

"காலைலேர்ந்து அதைத்தான் சார் பண்ணிட்டிருக்கேன். எனக்கே அலுத்துப்போச்சு."

அவர் பெருமூச்சு விட்டு, காகிதத்தை வாங்கிக்கொண்டார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அன்று வீட்டுக்குப் போனபிறகும் மனசு கேட்கவில்லை. மறுநாளிலிருந்து அலமாரியைத் திறந்து, இரண்டு வருடப் பிரதிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். சாப்பாட்டு இடைவேளை போயிற்று, கழுத்து பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் கழித்து எண்ணிப் பார்த்தால் பத்தொன்பது பேர். எல்லோரும் டாக்டரிடம் வர வேண்டியவர்கள், எல்லோரும் வீட்டிலேயே காத்திருந்தவர்கள். பத்தொன்பது பேருக்கும் புதிதாகக் கடிதம் தயாரித்து, கண்காணிப்பாளரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினாள். 'நீங்களே நேரில் வர வேண்டும், டாக்டர் பரிசோதிப்பார்' என்று குழந்தைக்கும் புரிகிற மாதிரி எழுதினாள். ஏழு பேர் பதில் போட்டார்கள். ஒருவர், காரை விற்றுவிட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டதாகவும் இனிமேல் தன்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை அவள் இரண்டு நாள் கோப்பில் சேர்க்காமல் வைத்திருந்தாள்.

அவளுக்கு ஓர் எச்சரிக்கைக் குறிப்பு வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

பஸ் டிரைவர் ஒரு மாதம் கழித்து ஃபோன் செய்தார்.

"பாத்துட்டாங்கம்மா. லாரி ஓட்டலாமாம். ஆளுங்கள ஏத்திட்டுப் போற வண்டி ஒரு வருஷத்துக்கு வேணாம்னு சொல்லிட்டாங்க."

"அதுக்கும் அப்பீல் பண்ணலாம்ணே. நானே எழுதித் தரேன்."

"ஐயோ, வேணாம் தாயே. இன்னொரு கடுதாசி படிக்க எனக்குத் தெம்பு இல்ல." கொஞ்சம் சிரித்தார். "லாரின்னா பின்னாலேர்ந்து நிறுத்து நிறுத்துன்னு எவனும் கத்த மாட்டான். அதுவரைக்கும் நிம்மதி."

ஃபோனை வைத்தபோது மதியக் கட்டு வந்திருந்தது. முதல் கடிதத்திலேயே ரீவிசிட் என்று இருந்தது. சுற்றறிக்கையை எடுத்துத் தேடினாள். அதில் அந்தச் சொல்லே இல்லை. லிஃப்ட் வேலை செய்யவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாடி இறங்கி, அதை எழுதிய அதிகாரியின் கதவைத் தட்டினாள்.

"சார், இதுக்கு என்ன அர்த்தம்? அந்தாளைக் கூப்பிடுவீங்களா, பேப்பரை மட்டும் பாப்பீங்களா?"

அதிகாரி கடிதத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"அதை நான் இன்னும் யோசிக்கலையேம்மா," என்றார்.

"யோசிச்சுச் சொல்லுங்க. நான் இருக்கேன்," என்று சொல்லிவிட்டு, எதிரிலிருந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள்.