ஒரு முழுச் சுற்று

காலை எட்டரை மணிக்குக் காரின் சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் நன்றாகத்தான் சுற்றியது, எஞ்சின்தான் பிடிக்கவில்லை. விடுவேனா? மறுபடியும் திருப்பினேன். டமார்! கார்புரேட்டர் வாயிலிருந்து ஒரு சாண் தீ வெளியே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. அதன் மேல் குனிந்து நின்ற என் தம்பி துள்ளிப் பின்னால் குதித்தான். அவனுடைய இடது புருவத்தில் பாதியைக் காணோம்.

அப்போதும் அவன் என்னிடம் பேசவில்லை. தன் மனைவியிடம் திரும்பி, "உன் அண்ணிகிட்ட சொல்லு, என் புருவம் போச்சுன்னு" என்றான்.

அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரு கையில் தீயணைக்கும் உருளையும் இன்னொரு கையில் ஸ்டாப் வாட்சுமாக நின்றாள். "அண்ணி, அவர் புருவம் போச்சாம்."

"பார்த்தேன். முன்னைக்கு இப்ப லட்சணமாத்தான் இருக்கான்னு சொல்லு."

எனக்கும் தம்பிக்கும் பேச்சு நின்று இருபத்திரண்டு நாள். இத்தனைக்கும் ஒரே பட்டறை, ஒரே கூரை, ஒரே ஸ்பேனர் பெட்டி. ஒன்பது வருடத்துக்கு முன்னால் வண்டிகளை உடைக்கிற கடையிலிருந்து கயிறு கட்டி இழுத்து வந்த பழைய கார் அது. பச்சை நிறம், அதனால் பெயரும் பச்சை. ஊருக்கு வெளியே இருக்கிற மலைப்பாதையில் வருடத்துக்கு ஒரு நாள் பழைய கார்களுக்கு ஏற்றப் போட்டி நடக்கும், காலையில் ஒரு ஏற்றம், மதியம் ஒரு ஏற்றம். வேகப் போட்டி இல்லை. சொன்ன நேரத்துக்கு நொடி பிசகாமல் உச்சிக்குப் போய்ச் சேர வேண்டும். அதில் பச்சையை ஓட்ட வேண்டும் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே பைத்தியம். எஞ்சினைக் கடைசி ஆணி வரைக்கும் பிரித்து, துருவை உரசி, புது பிஸ்டன் போட்டுத் திரும்பக் கட்டினோம்.

போட்டி அன்றைக்குத்தான். பதினொரு மணிக்குப் பதிவை மூடிவிடுவார்கள். அடிவாரம் அரை மணி நேரப் பாதை. வண்டி தன் சொந்த எஞ்சினில் வந்து நின்றால்தான் பெயரைச் சேர்ப்பார்கள். தள்ளிக்கொண்டு போனால் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சண்டை எதற்கு என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு நாள் பட்டறைக்கு வந்த ஆளிடம் தம்பி என்னைக் காட்டி, "அக்கா, உதவிக்கு இருக்காங்க" என்றான். உதவிக்கா? அந்த எஞ்சினில் பிஸ்டனைக் கோத்தது யார், வால்வைத் தேய்த்து உட்காரவைத்தது யார்? எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அன்றைக்கே போட்டிப் படிவத்தை எடுத்து ஓட்டுநர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். "ஒரு வண்டிக்கு ஒரு ஓட்டுநர்தான்" என்று அவனிடம் சொல்லிவிட்டேன். படிவத்தில் அதற்குக் கீழே 'இரண்டாம் ஓட்டுநர், மதிய ஏற்றம்' என்று இன்னொரு கோடும் இருந்தது. அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

அன்றிலிருந்து காலையில் நான் வேலை செய்வேன், மதியத்துக்கு மேல் அவன். செய்தி ஏதாவது இருந்தால் சுவரில் மாட்டிய கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி வைப்போம். டீச்சர் தன் பள்ளியில் கழித்துப் போட்ட பலகையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவளுக்கும் எங்களோடு அல்லாடி அலுத்துப்போயிருந்தது.

மணி ஒன்பது. நான்கு பிளக்கையும் கழற்றி, ஒன்றை எஞ்சின் உடம்பில் வைத்துப் பார்த்தேன். நீலப் பொறி பளிச்சென்று அடித்தது. பெட்ரோல் வருகிறதா? வருகிறது, பிளக் எல்லாம் நனைந்து நாறியது. காற்று அழுத்தம்? நான்கிலும் ஜோராக இருந்தது.

"கார்புரேட்டர் மிதவை மாட்டிக்கிச்சான்னு பாக்கச் சொல்லு" என்றான் தம்பி.

"அதை எட்டே முக்காலுக்கே பாத்தாச்சுன்னு சொல்லு" என்றேன் நான்.

டீச்சர் உருளையைத் தரையில் ணங்கென்று வைத்தாள். "நான் என்ன உங்களுக்குத் தபால்காரியா? மணி ஒம்பது இருபது. பத்தரைக்குக் கிளம்பலைன்னா எல்லாம் அவ்ளோதான். ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துப் பேசுங்க, இல்லாட்டி நான் வீட்டுக்குப் போய்த் துணி துவைக்கிறேன்."

நாங்கள் இரண்டு பேரும் எஞ்சின் மூஞ்சியைப் பார்த்தோம்.

எல்லாமே சரியாக இருந்தும் தீ ஏன் கார்புரேட்டர் வழியாகத் திரும்பி வருகிறது? பெட்ரோலும் காற்றும் உள்ளே வருகிற கதவு திறந்திருக்கும்போது பொறி விழுந்தால்தான் அப்படி வரும். அப்படியென்றால் பொறி இருக்கிறது, ஆனால் வேளை கெட்ட வேளையில் விழுகிறது.

ஒன்றாம் நம்பர் பிளக் ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, "சுத்தச் சொல்லு" என்றேன். தம்பி முன்பக்கக் கிராங்க் கப்பியில் ஸ்பேனரை மாட்டி மெதுவாகச் சுற்றினான். பிஸ்டன் மேலே வந்தது. விரலில் காற்று முட்டவில்லை. இன்னொரு சுற்று. இப்போது காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வந்தது! "நிறுத்தச் சொல்லு!" கப்பியில் இருந்த குறி மேலே நேராக நின்றது. இதுதான் ஒன்றாம் நம்பருக்குப் பொறி விழ வேண்டிய இடம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தேன். பொறியைப் பங்கு போட்டு அனுப்புகிற அந்தச் சின்ன முள் ஒன்றாம் நம்பரைப் பார்க்கவில்லை, நேர் எதிர்ப்பக்கம் நாலாம் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"டேய்! நாலைப் பாக்குதுடா!" என்று கத்தினேன்.

"என்னக்கா சொல்ற!" என்று அவனும் கத்தினான். இருபத்திரண்டு நாள் விரதம் இப்படித்தான் முடிந்தது.

ஆனால் எனக்கு அடுத்த கோபம் தயாராக இருந்தது. "போன வாரம் நான்தான் விரலை வச்சுப் பாத்து ஒண்ணை மேலே நிறுத்தினேன். கிராங்க்கை யாரும் அசைக்கக் கூடாதுன்னு பலகைல எழுதினேன். எவன் அசைச்சது?"

"நான்தான். ஃப்ளைவீல் போல்ட்டெல்லாம் முடுக்கணும்ல? ஒரு முழுச் சுத்து சுத்தினேன். குறியைப் பழைய இடத்துலயே கொண்டுவந்து வச்சேனே!"

"ஒரு சுத்துல குறிதான்டா பழைய இடத்துக்கு வரும்! ரெண்டு சுத்துல பிஸ்டன் ரெண்டு தடவை மேலே வருது. ஒரு தடவை வெடிக்க, ஒரு தடவை புகையைத் தள்ள. நீ வெடிக்கிற இடத்துல இருந்ததைப் புகை தள்ற இடத்துக்குக் கொண்டுபோய்ட்ட. நான் அதை நம்பி டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டிட்டேன். ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னடா?"

"எழுதினேனே! முழுச் சுத்து சுத்தியிருக்கேன், டிஸ்ட்ரிபியூட்டர் போடறப்ப மறுபடி விரல் வச்சுப் பாத்துக்கோன்னு."

அவன் எழுதியிருந்தான்தான். அதற்கு மறுநாள் காலையில் நான் பட்டறைக்குள் நுழைந்ததும் பலகை நிறைய அவன் கோணல் எழுத்து. மறுபடியும் ஏதோ குத்திக் காட்டுகிறான் என்று ஒரு வரிகூடப் படிக்காமல் ஈரத் துணியால் ஒரே இழுப்பாக அழித்தேன். அதன் மேல் 'டீ குடித்த டம்ளரைக் கழுவி வைக்கவும்' என்று பெரிதாக எழுதினேன்.

பலகையைத் திரும்பிப் பார்த்தேன். டம்ளர் வாசகம் அப்படியே இருந்தது. கீழே வலது மூலையில், துணி எட்டாத இடத்தில், அவன் எழுதியதில் கடைசி வார்த்தை மட்டும் மிச்சமிருந்தது. 'அக்கா.' நான்கு நாளாக அது அங்கேதான் இருந்திருக்கிறது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"நான்தான் அழிச்சேன்" என்றேன். "படிக்கவே இல்லை."

"அண்ணி, அழுறதெல்லாம் மலை மேல போய் அழுங்க. மணி ஒம்பது அம்பது!" என்றாள் டீச்சர்.

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்ற வேண்டியதே இல்லை. மூடியில் ஒன்றாம் வயரையும் நாலாம் வயரையும் இடம் மாற்றினேன், தம்பி இரண்டையும் மூன்றையும் மாற்றினான். டீச்சர் பிளக்குகளைத் துடைத்துத் துடைத்து நீட்டினாள். பத்து நிமிடத்தில் எல்லாம் ஏறியது. ஓடிப்போய் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். க்ளிக். அவ்வளவுதான். காலையிலிருந்து சுற்றிச் சுற்றி பேட்டரி உயிரை விட்டிருந்தது.

"தள்ளு!" என்றேன்.

பட்டறை வாசலிலிருந்து தெரு முனை வரைக்கும் நல்ல சரிவு. தம்பி பின்னால் தோளைக் கொடுத்தான், டீச்சர் ஸ்டாப் வாட்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பக்கத்தில் தள்ளினாள். எதிர்க்கடை தையல்காரர் கழுத்தில் இஞ்ச் டேப்போடு ஓடிவந்தார். மருந்துக் கடைக்காரர், "ஒம்பது வருஷமா இதைத்தானே பாக்குறேன்" என்று சொல்லிக்கொண்டே கையைக் கொடுத்தார். பச்சை உருண்டது. மருந்துக் கடை தாண்டியது, தபால் பெட்டி தாண்டியது. தெரு முனை நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது கியரில் கிளட்ச்சை விட்டேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. ஒரு வெடி, இரண்டு வெடி, அப்புறம் நான்கும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு பாடின!

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஹாரனை அமுக்கினேன், கத்தினேன், சிரித்தேன். தையல்காரர் நடுத்தெருவில் ஆடினார். தம்பி மூச்சு வாங்க ஓடிவந்து பானட் மேல் இரண்டு கையையும் வைத்து அந்த நடுக்கத்தை வாங்கிக்கொண்டு நின்றான். பாதிப் புருவத்தோடு அவன் கண் கலங்கியிருந்தது.

எஞ்சினை அணைக்காமலே படிவத்தை எடுத்தேன். காலியாக இருந்த கோட்டில், கிரீஸ் அப்பிய விரலோடு, அவன் பெயரை எழுதி நீட்டினேன்.

அவன் படித்தான். "ஒரு ஓட்டுநர்தான்னு சொன்ன?"

"பொய் சொன்னேன். ஏறு."

பத்து ஐம்பத்திரண்டுக்கு அடிவாரத்தில் நின்றோம். பதிவு மேசையில் இருந்தவர் கிரீஸ் கறையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். ஒரு கட்டம் நிரப்பாமல் இருக்கிறது என்றார். "எஞ்சின் வேலை செஞ்சது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின் இருக்கையிலிருந்து தம்பி தலையை நீட்டினான். "எங்க அக்கா, சார். நான் உதவிக்கு இருந்தேன்."

எஞ்சின் என் காலடியில் சீராக ஓடிக்கொண்டிருந்தது. "அண்ணி, நம்ம முறை வந்துடுச்சு" என்று பக்கத்து இருக்கையில் டீச்சர் ஸ்டாப் வாட்சைத் தயாராகப் பிடித்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் கியரைப் போட்டேன்.