நகராத அரக்கர் படை

ஆடுபவரும் கணினி எதிரியும் மாறி மாறிக் காய் நகர்த்தும் அந்தப் போர் விளையாட்டின் மூன்றாம் பாகம் வெளியாக இன்னும் அரைமணி நேரமே இருந்தது. அதைச் சோதிப்பவள் தன் முறையை முடித்தாள். கோட்டை வாசலில் நின்ற அரக்கர் படை அசையவில்லை. இருபது தடவை முடித்தும் அதே கதைதான்.

குழுத் தலைவரை அழைத்துக் காட்டினாள். அவர் முகம் வெளிறிப்போனது.

"போன வாரம் முதலாளி ஆடிப் பார்க்க வந்தாரே, அவர் தோத்துடக் கூடாதுன்னு கம்ப்யூட்டர் எதிரி யோசிக்கிறதையே ஆஃப் பண்ணி வெச்சேன். திரும்பப் போட மறந்துட்டேன்மா."

"அன்னிக்கு ஜெயிச்சிட்டு மீசையை முறுக்கினாரே, அது இந்த லட்சணமா? இப்பத் திரும்பப் போட்டுச் சோதிக்க நேரமில்ல, ரிலீஸை உடனே நிறுத்துங்க சார். ரெண்டாம் பாகமே ஊத்திக்கிச்சு. இதுவும் போனா கம்பெனியை இழுத்து மூடிடுவாங்க."

"நிறுத்தினா முதலாளி ஏன்னு கேட்பாரேம்மா."

அப்போது முதலாளியே தொலைபேசியில் வந்தார். "எல்லாம் ரெடி சார்," என்றார் தலைவர், அவள் பக்கம் திரும்பாமலே.

சற்று நேரத்தில் பக்கத்து அறையில் கைதட்டல் எழுந்தது. திரையில் ஆடுவோர் எண்ணிக்கை ஆயிரங்களாக ஏறியது. அத்தனை பேரும் முதல் முறையை முடித்துவிட்டு எதிரி வருவான் என்று காத்திருந்தார்கள்.